கிணற்றுக்குள் பாடியவள்

ஹுமேராவுக்கு வேலை கிணற்றுக்குள். கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் நிஜம். 'ஆழக் கெணறு' என்ற பாட்டு நாடகம் இரண்டு வருடமாகத் திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர் என்று ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. மேடையின் நடுவில் ஃபைபரில் செய்த பெரிய கிணறு ஒன்று நிற்கும். அதற்குள் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு ஹுமேரா உட்கார்ந்திருப்பாள். தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் நீல வலைத்துணி போர்த்தியிருக்கும். ஜனங்களுக்குத் தெரிவது அவளுடைய இரண்டு கைகள் மட்டும்தான். தண்ணீர் வற்றிய தோட்டத்துக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டைக்கு நடுவே கிணறு வாய் திறந்து பாடும். அந்தக் கிணறுதான் ஹுமேரா.

'எட்டிப் பாத்த மூஞ்சியெல்லாம் எனக்குள்ள கெடக்குதய்யா' என்று அந்தப் பாட்டு தொடங்கும். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு பாட்டுக்காகவே மறுபடியும் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் உண்டு.

நாடகப் பாடகி என்றால் பட்டுப்புடவையும் பூங்கொத்தும் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் ஒரு நாள் அந்த டெம்போ டிராவலரில் ஏறிப் பார்க்க வேண்டும். ஜன்னல் கம்பி முழுக்க வேர்வை காயாத வேஷத் துணிகள் தொங்கும். பின் சீட்டில் ஒருத்தி ஸ்வரம் பாடிக்கொண்டிருப்பாள், முன் சீட்டில் ஒருத்தன் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பான். ஊர் போய்ச் சேர்ந்ததும் மேடையைத் துடைத்து, துண்டுகளாக வந்த கிணற்றைப் பூட்டி நிறுத்தி, நெற்றியோரம் முடிக்குள் மைக்கை வைத்து பிளாஸ்திரி ஒட்டுவார்கள். நாடகம் முடிந்து அதைப் பிய்க்கும்போது முடியும் கூடவே வரும். கிணற்றுக்குள் காற்று கிடையாது. ஃபேன் வைத்தால் சத்தம் மைக்கில் விழும். தும்மக்கூடாது, இருமக்கூடாது, சொறியக்கூடாது. உடுமலைப்பேட்டையில் ஒரு தடவை பல்லி ஒன்று வலைக்குள் விழுந்து கழுத்தில் ஏறியது. 'யா அல்லாஹ்' என்று மனசுக்குள் அலறிக்கொண்டே சுருதி பிசகாமல் பாடி முடித்தாள். வெளியே வந்துதான் கத்தினாள். அப்படிப்பட்டவள்.

கோயமுத்தூர்க் கோட்டைமேட்டில் பிறந்தவள். கணவர் இல்யாஸ் கரும்புக்கடைப் பகுதியில் பேக்கரி வைத்திருக்கிறார். "நீ பாட்டுக்குப் போயிட்டு வா, ஊட்ட நான் பாத்துக்கறேன்" என்று சொல்லக்கூடிய மனுஷன். ஹுமேராவுக்குக் கண்டம் எல்லாம் பெற்ற அம்மாதான். அம்மா பக்ருன்னிசா எந்தக் கல்யாண வீட்டுப் பிரியாணியையும் இதுவரை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஒன்று உப்பு தூக்கலாக இருக்கும், இல்லையென்றால் அரிசி குழைந்திருக்கும். மகள் பாட்டுக்கும் அதே தீர்ப்புதான். நாடகம் மேடையேறிய முதல் நாள் பார்த்துவிட்டு வந்து, "எல்லாஞ் செரி கண்ணு, மேல போறப்ப உங்கொரலு பிசிறடிக்குது" என்று சொல்லிவிட்டு வெற்றிலை மடிக்கப் போய்விட்டாள்.

அந்த ஒரு சொல் ஹுமேராவை ஆட்டிவைத்தது. அன்றிலிருந்து குளிக்கும்போதும், துணி காயப்போடும்போதும், டிராவலர் குலுங்கும்போதும் அந்த மேல் இடத்தைத்தான் பாடிப் பழகினாள். அம்மா இன்னொரு தடவை வரவேண்டும், வந்து கேட்க வேண்டும், கேட்டுவிட்டு நல்லா பாடுனே என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வேறு எந்தப் பரிசும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு நாடகம் கோயமுத்தூருக்கே திரும்பியது. அவிநாசி ரோட்டில் ஒரு அரங்கம், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒரு காட்சி, சாயங்காலம் ஒரு காட்சி. மத்தியானக் காட்சிக்கு அம்மாவுக்கு மூன்றாவது வரிசையில் இடம் போட்டாயிற்று. முந்தின நாள் லீவு என்பதால் ஹுமேரா ஈரோட்டில் நாத்தனார் குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்குப் போயிருந்தாள். காலையில் ரயிலேறினால் தாராளமாக வந்து சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு.

ரயில் போத்தனூருக்கு முன்னால் நின்றது. நின்றது நின்றதுதான். சிக்னல் கோளாறு என்றார்கள், கம்பி அறுந்துவிட்டது என்றார்கள், ஆளுக்கொன்று சொன்னார்கள். ஹுமேரா மணியைப் பார்த்தாள். நாடகத்தில் எல்லா ஏற்பாடுகளையும் பார்த்துக்கொள்கிற பிரவின்குமாருக்கு போன் போட்டாள்.

"பிரவினு, போத்தனூருக்கு வெளிய மாட்டிக்கிட்டேன். எறங்கி நடந்தாச்சும் வந்தர்றேன். ஆரம்பிக்கறத கொஞ்சம் தள்ளிப்போடுப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"எதுக்குங்க்கா தள்ளிப்போட்டுக்கிட்டு? நீங்க பதறாம மெதுவா வாங்க. அவசரமே இல்லீங்க்கா."

"என்னப்பா அவசரமில்லங்கற? கெணத்துக்குள்ள ஆரு உக்காருவா?"

"அதெல்லாம் பாத்துக்கலாங்க்கா. ரோட்டைப் பாத்து வாங்க, மொதல்ல ஒடம்பு முக்கியம்."

நல்ல பையன், என்ன பொறுமை என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தில் இறங்கினாள். ஜல்லி குத்தியது. ஸ்டேஷன் வந்ததும் கிடைத்த ஆட்டோவில் விழுந்தாள். உக்கடத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. "ஏனுங்கண்ணா, அப்படியே ஓரத்துல நுழைஞ்சு போங்கண்ணா" என்று கெஞ்சினாள். அரங்கத்தின் பின்வாசலில் இறங்கியபோது மூச்சு இரைத்தது. நாடகம் தொடங்கிவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். போச்சு, அம்மா வந்து உட்கார்ந்து கிணறு பாடாததைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று மனசு அடித்துக்கொண்டது. கதவைத் தள்ளினாள்.

உள்ளே அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

சத்தியமாக அப்படித்தான் தோன்றியது. எட்டிப் பாத்த மூஞ்சியெல்லாம் என்று, அவளுடைய தொண்டை, அவளுடைய இழுப்பு, இரண்டாம் அடிக்கு முன்னால் அவள் விடுகிற மூச்சு. ஹுமேரா தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மூடித்தான் இருந்தது. பேய் பிடித்தவர்கள் கதையெல்லாம் கேட்டிருக்கிறாள், ஆனால் தன் குரல் தன்னை விட்டுவிட்டு முன்னாலேயே வேலைக்கு வந்துவிட்டதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத் திரை வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். கிணற்றுக்குள் நீல வலை அசைந்தது, இரண்டு கைகள் அழகாக எழும்பின. விரலில் சிவப்பு நகப்பூச்சு. நாட்டியக் கூட்டத்தில் ஆடுகிற மானசாவின் விரல். அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி சேர்ந்தாற்போலப் பாடவராது.

அப்போதுதான் புரிந்தது. மழைக்காலத்தில் நாடகம் இல்லாதபோது கணபதி பக்கம் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அவளைப் பாடவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். சும்மா ஒரு பாதுகாப்புக்கு, தொண்டை கட்டிப்போனால் உதவும் என்றான் பிரவின்குமார். பக்கத்தில் லேத் பட்டறை. லேத் ஓடும்போது நிறுத்தி, நின்றபோது பாடினாள். அவர்கள் போதும் என்றபோதும் விடவில்லை, மேல் இடம் சரியாக விழவேண்டும் என்று திரும்பத் திரும்பப் பாடினாள். பிசிறே இல்லாமல் வந்த ஒன்றைத் தானே கேட்டுத் தேர்ந்தெடுத்து, "இத வெச்சுக்கங்க" என்று கொடுத்தவளும் அவள்தான். அதுதான் இப்போது அரங்கம் முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் எழுந்தது. இடைவேளை விட்டார்கள். பிரவின்குமார் ஓடி வந்தான்.

"வந்துட்டீங்களாக்கா? தண்ணி குடிங்க. நாந்தான் சொன்னேனே, அவசரமில்லைன்னு."

"என்னைய ஒரு வார்த்த கேக்காம டேப்பப் போட்டுட்டயே பிரவினு?"

அவன் குழப்பமாகப் பார்த்தான். "எப்பவும் ஓடறதுதானுங்க்கா. பொள்ளாச்சியில இருந்து டிராக்குலதான ஓடுது?" அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்கு... சொல்லலீங்களாக்கா?"

பொள்ளாச்சி! பொள்ளாச்சியில் அவளுக்குக் கடுமையான சளி. எப்படியோ இழுத்துப்பிடித்துப் பாடினாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அன்றைக்கு இல்யாஸுக்கு போன் போட்டு, "சளியோட பாடியும் எங்கொரலு நின்னு வெளையாடுச்சு, தெரியுமா" என்று பெருமையடித்துக்கொண்டாளே! அதற்குப் பிறகு எத்தனை ஊர்கள். கரூரில் ஒரு அம்மணி மேடையேறி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அந்த அழுகையை வாங்கிக்கொண்டு சந்தோஷமாக டிராவலரில் தூங்கியிருக்கிறாள். அத்தனை ஊரிலும் மைக்கை மூடிவைத்துவிட்டு அவளைக் கிணற்றுக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள். அவள் தொண்டை வறளப் பாடியது ஃபைபர் சுவருக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறது. காதில் செருகிய கருவியில் வெறும் இசை மட்டும் வரும், கிணற்றுக்குள் இருப்பவளுக்கு வெளியே என்ன கேட்கிறது என்று எப்படித் தெரியும்?

நாடகக் குழுவின் முதலாளி தம்பிதுரை. பீளமேட்டுப் பக்கம் பம்ப்செட் கம்பெனி வைத்திருப்பவர், நாடகப் பைத்தியத்தில் கைக்காசு போட்டு இதை நடத்துகிறார். யாரையும் மரியாதை குறைத்துப் பேசமாட்டார், கோபமே வராது. ஹுமேரா போய் நின்றதும் எழுந்து நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மணி. எதுக்குங்க இத்தன வேர்த்துப்போச்சு?"

"எம்மைக்க மூடி வெச்சிருக்கீங்களாமா, நெசந்தானுங்களா?"

"அட, அதுங்களா." சிரித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. மோட்டாருக்கு ஒரு ஸ்டேண்ட்பை வெக்கறமில்லீங்க, அந்த மாதிரித்தானுங்க. பொள்ளாச்சியில உங்களுக்கு ஒடம்பு செரியில்ல, போட்டுப் பாத்தோம். சனம் எந்திரிச்சு நின்னு தட்டுச்சு. அப்பறம் எதுக்குங்க ரிஸ்க்கு? பாடறதும் நீங்கதான, வேற ஆருங்க? உங்க சம்பளம் உங்களுக்கு வந்துபோடும். இன்னுஞ் சொல்லப்போனா நீங்க இத்தன வெயில்ல அலையக்கூட வேண்டீதில்லீங்க. ஊட்டுல இருந்து புள்ளைகளப் பாத்துக்கலாம்."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். இப்படி நயமாகச் சொல்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? நீ வராவிட்டாலும் ஒன்றும் குறையவில்லை என்பதை நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அம்மணி என்று கூப்பிட்டுச் சொல்கிறார். அவள் எழுந்து வெளியே வந்தாள்.

இரண்டாம் பாதியிலும் மானசாதான் கிணற்றுக்குள் இருந்தாள். நாடகம் முடிந்து ஜனங்கள் கலையும்போது தாழ்வாரத்தில் பக்ருன்னிசா மகளைத் தேடிக்கொண்டு வந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அம்மா அழுது ஹுமேரா பார்த்தது அத்தா மவுத்தாகி அடக்கம் செய்த அன்றைக்குத்தான். வந்தவள் இரண்டு கையாலும் மகள் கன்னத்தை வழித்து நெற்றியில் முத்தம் வைத்தாள்.

"என்ன பாட்டுடி கண்ணு இது! மொதத் தடவ பாடுனப்ப பிசிறடிச்சுதே, இன்னைக்கு ஒரு சொட்டு இல்ல. அல்லா உங்கொரலுக்கு நீண்ட ஆயுசு குடுக்கோணும். இத்தன நாளா வாயத் தொறந்து ஒரு நல்ல வார்த்த சொல்லாமப் போனனே, பாவி!"

 இந்த வார்த்தைக்குத்தானே ஹுமேரா இத்தனை நாள் காத்திருந்தாள். வந்துவிட்டது. வந்ததை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் இல்லம்மா, நான் போத்தனூர்ல தண்டவாளத்துல நடந்துட்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் முகம் இருந்த இருப்பில் சொல்ல முடியவில்லை. "சாயங்காலமும் இருந்து கேளும்மா" என்று மட்டும் சொன்னாள்.

"இருக்காம? நீ சொல்லாட்டியும் இருந்துதான் போவேன்."

நேராகத் தம்பிதுரையிடம் போனாள். இந்தத் தடவை உட்காரவில்லை. "ஏனுங்க, எங்கம்மா சாயங்காலக் காட்சிக்கு உக்காரப்போறாங்க. இந்த ஒரு தடவ மைக்கத் தொறந்து வெய்யுங்க. நான் பாடி அவங்க கேக்கோணும். அப்பறம் நீங்க எப்படி வேணும்னாலும் நடத்திக்கங்க."

அவர் உருகிப்போனார். "இதுக்குப் போயி இப்படிக் கேக்கறீங்களே அம்மணி. தாய்க்குப் பாடறத நான் மறிப்பனுங்களா?" என்று சொல்லி, ஒலிப் பலகையைப் பார்த்துக்கொள்கிற நிஜாமை அவள் எதிரிலேயே கூப்பிட்டு, "அம்மணி மைக்கத் தொறந்து வெச்சிருங்கப்பா" என்றார். நிஜாம் தலையாட்டினான். அவள் முகத்தைப் பார்க்காமல் ஆட்டினான். அதை அவள் கவனிக்கவில்லை.

சாயங்காலம் அரங்கம் நிரம்பியிருந்தது. ஹுமேரா கிணற்றுக்குள் இறங்கினாள். வலைக்கு வெளியே, கிணற்றுச் சுவரில் விட்டிருந்த இடுக்கு வழியாக, மூன்றாவது வரிசையில் அம்மாவின் வெள்ளை முக்காடு தெரிந்தது. காதில் இசை வந்தது. பாடினாள். எட்டிப் பாத்த மூஞ்சியெல்லாம் என்று தொடங்கி, இதுவரைக்கும் எந்த ஊரிலும் பாடாத மாதிரி பாடினாள். காலையில் வெயிலில் ஓடியதும், மத்தியானம் விழுங்கிய அழுகையும் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தன. பரவாயில்லை, இழுத்தாள். மேல் இடம் வந்தது. ஏறினாள்.

குரல் உடைந்தது.

சாதாரணப் பிசிறு இல்லை. நடுவில் கிழிந்து, காற்றாகப் போய், கீழே விழுந்தது. அம்மாவுக்கு முன்னால், கேட்டு வாங்கிய மைக்கில், இப்படியா! வெளியே ஜனங்கள் முனகுவார்கள், யாராவது விசிலடித்துக் கேலி செய்வார்கள் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கைதட்டல் எழுந்தது. கிணற்றுச் சுவர் அதிரும்படி தட்டினார்கள்.

அவள் கண்ணைத் திறந்தாள். உடைந்த குரலுக்கு யார் இப்படித் தட்டுவார்கள்? மெதுவாக வாயை மூடினாள். காதிலிருந்த கருவியைப் பிடுங்கி எறிந்தாள். அரங்கத்தில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. மேல் இடத்தில் நின்று, ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லாமல், கணபதியில் அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த அதே குரல். அவளை அம்மணி என்று கூப்பிட்டு, அவள் எதிரிலேயே உத்தரவு போட்டு, அப்புறம் அந்தப் பக்கம் போய் வேறு உத்தரவும் போட்டிருக்கிறார் தம்பிதுரை.

கோபம் வந்ததா, வெட்கம் வந்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. எழுந்தாள். ஸ்டூல் கவிழ்ந்து விழுந்தது. கிணற்றின் மேல் விளிம்புக்கு மேலே தலையும் தோளும் வந்தன. சண்டை போட்டுக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் தங்கள் வசனத்தை மறந்து நின்றார்கள். நீல வலையை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் கழற்றிப் போட்டாள். விளக்கு நேராக முகத்தில் விழுந்தது. உதடு இரண்டும் சேர்ந்திருந்தன. அப்படியே நின்றாள். பாட்டு அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.

முதலில் முன் வரிசையில் இருந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு அடுத்த வரிசை. இது நாடகத்தில் ஒரு புதுமை போலிருக்கிறது என்று நினைத்துப் பின்னால் சிலர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஓய்ந்தது. பதறிப்போன நிஜாம் பாட்டைப் பாதி வரியில் நிறுத்தினான். அத்தனை பெரிய அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மூன்றாவது வரிசையில் பக்ருன்னிசா எழுந்து நின்றாள். முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவும் அவளுக்குத் தோன்றவில்லை. மகளின் மூடிய வாயையே பார்த்தாள். அப்புறம், வீட்டுக் கூடத்தில் நின்று கேட்பது மாதிரி சத்தமாகக் கேட்டாள்.

"ஹுமேரா, அப்ப மத்தியானம் பாடுனது ஆருடி?"

ஹுமேரா வாயைத் திறந்தாள். மைக் மூடித்தான் இருந்தது.

"நான்தாம்மா" என்றாள். அது அம்மாவின் வரிசை வரைக்கும்தான் கேட்டிருக்கும்.